எந்த இராகம் என்று கேட்ட மகளுக்கு

கேள்வி: என் அம்மாவுக்கு 78 வயது. யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருந்தவர். பாடசாலையில் காலைப் பிரார்த்தனைக்குத் தேவாரம் தொடங்கிக் கொடுப்பவரும் அவர்தான். அப்பா காலமாகி இரண்டு வருடங்கள் ஆகின்றன. இப்போது வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றில் என்னுடன் இருக்கிறார். சென்ற வருடம் அல்சைமர் நோய் என்று சொன்னார்கள். மறதிக்கும் மனச்சோர்வுக்கும் குளிசை தந்திருக்கிறார்கள். ஆனாலும் நாள் முழுதும் பேசாமல் இருக்கிறார், சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறார், பொழுதுபட்டால் "என்னை வீட்டை கூட்டிக்கொண்டு போ" என்று அழுகிறார். கனடாவில் இருக்கும் அண்ணா ஒரு ஸ்பீக்கர் அனுப்பி, மறதிக்கென்று யூடியூப்பில் உள்ள இராகங்களைக் காலை முதல் இரவு வரை ஓடவிடச் சொன்னார். மூன்று வாரம் போட்டேன். அம்மா எரிச்சலடைந்து ஸ்பீக்கரின் மேல் துவாயைப் போட்டு மூடிவிட்டார். ஒரு நாள், அப்பா விரும்பிக் கேட்கும் பி. சுசீலாவின் பழைய பாட்டொன்று வந்தபோது விம்மி விம்மி அழுதார். பயந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். இசைச் சிகிச்சை உண்மையில் பலன் தருமா? எந்த இராகம் நல்லது? பலன் கிடைத்தால் குளிசைகளை நிறுத்தலாமா?
- வாசகி, கொழும்பு 6

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் ஆபத்து இருக்கிறது. குளிசைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். மனச்சோர்வுக்கான குளிசையைத் திடீரென விட்டால் தலைச்சுற்றும் படபடப்பும் நித்திரையின்மையும் வரலாம். மறதிக்கான குளிசையை விட்டால் இப்போது எஞ்சியிருக்கும் ஆற்றலும் குறையக்கூடும். ஆனால் அவற்றைப் பற்றி வைத்தியரிடம் மீண்டும் பேச வேண்டிய தேவை இருக்கிறது. மறதிக்குத் தரப்படும் குளிசையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அது டொனெபெசிலாக இருந்தால், பசியின்மை, குமட்டல், நிறைக்குறைவு, கெட்ட கனவுகள் ஆகியவை அதன் அறியப்பட்ட பக்கவிளைவுகள். அம்மா சாப்பாட்டைத் தள்ளுவதற்குக் காரணம் துயரமாக இருக்கலாம், குளிசையாகவும் இருக்கலாம். குளிசை தொடங்கிய திகதியையும் சாப்பாடு குறையத் தொடங்கிய காலத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு அடுத்த கிளினிக்குக்குப் போங்கள். அதற்கு முன் அம்மாவின் நிறையையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே நாளில் இன்னும் சிலவற்றைப் பரிசோதிக்கச் சொல்லலாம். மறதிநோய் உள்ள முதியவர் முன்பைவிட அதிகமாகச் சுருண்டுபோனால், சலத்தொற்று (சிறுநீர்த் தொற்று), மலச்சிக்கல், பல்வலி, மூட்டுவலி, தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைபாடு என்று பல காரணங்கள் பின்னால் ஒளிந்திருக்கக்கூடும். அம்மாவால் "இங்கே நோகிறது" என்று தெளிவாகச் சொல்ல முடியாமல் போயிருக்கலாம். மாற்றம் ஓரிரு நாட்களுக்குள் வந்திருந்தால் கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம். மனச்சோர்வை அளவிட, மறதிநோயாளருக்கென்றே 1988இல் உருவாக்கப்பட்ட கோர்னெல் அளவுகோல் இருக்கிறது. அதன் 19 அம்சங்களும் நோயாளியிடம் மட்டுமல்லாமல், அவரோடு வாழ்பவரிடமும் கேட்டே நிரப்பப்படுகின்றன. ஆகவே கிளினிக்கில் உங்கள் பேச்சு வெறும் முறைப்பாடு அல்ல, பரிசோதனையின் பாதி அது. அம்மா சாவதைப் பற்றிப் பேசினாலோ, நீரும் அருந்த மறுத்தாலோ, இசையைப் பற்றிய இந்தப் பதிலை ஓரமாக வைத்துவிட்டு அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

இனி இசைக்கு வருகிறேன். குளிசை இருக்கும்போது பாட்டு எதற்கு என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது பிரித்தானியாவில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றி. அல்சைமர் நோயோடு மனச்சோர்வும் உள்ள 326 பேரில் சிலருக்கு செர்ட்ராலின், சிலருக்கு மிர்ட்டசபின் என்ற மனச்சோர்வுக் குளிசைகளும் மற்றவர்களுக்கு மருந்தில்லாப் போலிக் குளிசையும் கொடுத்துப் பார்த்தார்கள். 13 வாரங்களின் முடிவில் மூன்று குழுவினரிடமும் மனச்சோர்வு குறைந்திருந்தது. ஆனால் உண்மைக் குளிசை போலிக் குளிசையை வெல்லவில்லை. இதனால் மனச்சோர்வுக் குளிசை யாருக்கும் வேண்டாம் என்று ஆகிவிடாது. கடுமையான சோர்வு உள்ளவர்களுக்கும், மறதிநோய்க்கு முன்பே மனச்சோர்வு வந்து குளிசையால் தேறியவர்களுக்கும் வைத்தியர்களாகிய நாம் அதைக் கொடுக்கத்தான் செய்கிறோம். ஆயினும் மறதிநோயில் வரும் மிதமான சோர்வுக்குக் குளிசையை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பது தெளிவு. பகல்பொழுதை நிரப்புவதும், வெளியே கூட்டிச்செல்வதும், கூட இருந்து பாடுவதும் சிகிச்சையின் ஓரத்தில் ஒட்டிய அலங்காரங்கள் அல்ல.

அப்படியானால் இசை எவ்வளவு உதவுகிறது? கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு இந்தக் கேள்வியைப் பல தடவை எடுத்து அலசியிருக்கிறது. 2018இல் 22 ஆய்வுகளையும், 2025இல் 30 ஆய்வுகளில் பங்குபற்றிய 1,720 பேரையும் கணக்கில் எடுத்து அவர்கள் கண்டது, ஐந்து அமர்வுகளுக்குக் குறையாமல் இசை சார்ந்த சிகிச்சை பெற்றவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் சற்றுக் குறைகின்றன என்பதே. பொதுவான நடத்தைச் சிக்கல்களும் குறையக்கூடும். ஆனால் ஆக்ரோஷத்திலோ பதற்றமான அலைச்சலிலோ பெரிய மாற்றம் தெரியவில்லை. அமர்வுகள் நின்ற பிறகு பலன் எவ்வளவு காலம் நிற்கும் என்பதும் உறுதியாகவில்லை. "சற்று" என்ற சொல்லை நான் வேண்டுமென்றே எழுதுகிறேன். பாட்டுக் கேட்டு மறதி போய்விட்டது என்று காட்டும் வீடியோக்கள் உங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கும் வந்திருக்கும். ஒருவர் ஐந்து நிமிடம் விழித்தெழுந்து பாடுவது உண்மை, அழகான உண்மை; அதற்காக நோய் பின்வாங்கிவிட்டது என்று எண்ணக்கூடாது. அண்ணாவுக்கும் இதை மென்மையாகச் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு மாதத்துக்குப் பிறகு "இன்னும் என் பெயர் நினைவில்லையா" என்று அவர் கேட்பார். விடை சொல்ல வேண்டியவர் நீங்களாக இருப்பீர்கள்.

காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது நினைவில்லாத ஒருவருக்கு அறுபது வருடத்துக்கு முந்திய பாட்டு எப்படி வரிவரியாக வருகிறது என்பது எங்களையும் வியக்கவைத்த கேள்விதான். ஜேர்மனியின் லைப்சிக் நகரத்து ஆய்வாளர்கள் 2015இல் இதற்கு ஒரு விடையைத் தந்தார்கள். நெடுநாள் பழகிய பாட்டுகளை அடையாளம் காணும்போது வேலை செய்யும் மூளைப் பகுதிகள் எவையென்று முதலில் இளம்வயதினரில் கண்டுபிடித்து, அதே பகுதிகள் அல்சைமர் நோயாளரில் எப்படி இருக்கின்றன என்று பார்த்தபோது, மூளையின் மற்றப் பகுதிகளைவிட அவை குறைவாகவே சுருங்கியிருந்தன. அல்சைமர் நோய் முதலில் தாக்குவது காதுக்கு நேரே உள்ளே இருக்கும், புதிய நினைவுகளைப் பதிக்கும் இடத்தை. பாட்டோ, பாடுபவரின் நாக்கிலும் மூச்சிலும் தாளம் போடும் கையிலும் பழக்கமாக ஊறியிருப்பது. அதனால்தான் பேச்சு வராத ஒருவருக்குப் பாட்டு வருகிறது.

இந்த இடத்தில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இருக்கிறது. மறதிக்கு இந்த இராகம், மனச்சோர்வுக்கு அந்த இராகம் என்று குளிசைச் சீட்டுப் போல எழுதித்தருவதற்குப் போதிய ஆதாரம் கிடையாது. நீலாம்பரி தாலாட்டுக்கு உரியது என்பது நம் இசைமரபின் நுண்ணிய அறிவு. அதை நான் மதிக்கிறேன், ஆனால் அது மருந்தளவு அல்ல. அம்மாவுக்கு உதவக்கூடியது எந்த இராகம் என்று அண்ணாவாலோ யூடியூப்பாலோ என்னாலோ சொல்ல முடியாது. அது அம்மா ஏறக்குறைய பத்து வயதிலிருந்து முப்பது வயது வரை எதைக் கேட்டார், எதைப் பாடினார் என்பதில் இருக்கிறது. மனிதர்களின் நினைவில் மிக அடர்த்தியாகப் பதிந்திருப்பது அந்தப் பருவம். உங்கள் அம்மாவுக்கு அது 1950களின் பிற்பகுதியில் தொடங்கி 1970களின் பிற்பகுதி வரை வருகிறது. யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்து வீட்டில் என்ன ஒலித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1950இல் தொடங்கிய இலங்கை வானொலி வர்த்தக சேவையில் வந்த சுசீலாவும் டி.எம். சௌந்தரராஜனும் பி.பி. ஸ்ரீனிவாஸும், நல்லூர்த் திருவிழாவின் நாதஸ்வரமும் தவிலும், மார்கழி விடியலில் திருவெம்பாவை, கோயிலில் கந்தபுராண படனம், பூசை முடிவில் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று ஒழுங்கு தவறாமல் வரும் பஞ்சபுராணம். இவற்றில் அம்மா வெறுமனே காதால் கேட்டவை எவை, வாயால் பாடியவை எவை என்று பிரித்து எழுதுங்கள். பாடியவைதான் முதலில் வரும்.

பட்டியல் போடும்போது ஒன்றை மறக்காதீர்கள். நம்மவர்களுக்குச் சில பாட்டுகள் கெட்ட நாட்களோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 1983 கலவரத்திலோ 1995 யாழ்ப்பாண இடப்பெயர்விலோ எங்காவது தங்கியிருந்த வேளையில் பக்கத்தில் ஒலித்த பாட்டு, இன்று எந்தக் காரணமும் வெளியே தெரியாமல் அம்மாவை நடுங்கவைக்கலாம். அதை அறியக்கூடியவர்கள் குடும்பத்தவர் மட்டுமே. பெரியம்மா, சித்தி, அம்மாவுடன் படிப்பித்த ஆசிரியைகள் யாராவது தொலைபேசியில் கிடைத்தால் அரை மணி நேரம் பேசுங்கள்.

மூன்று வாரப் பரிசோதனை ஏன் சரிவரவில்லை என்பதும் இப்போது விளங்கும். பின்னணியில் ஓடும் ஒலியை ஒதுக்கிவிட்டு முன்னால் நடப்பதைக் கவனிப்பது ஆரோக்கியமான மூளை நம்மை அறியாமலே செய்யும் வேலை. மறதிநோயில் அந்த வடிகட்டி பழுதாகிறது. வெள்ளவத்தைக் காலி வீதியின் (Galle Road) வாகன இரைச்சல், மின்விசிறி, தொலைக்காட்சி, அதன்மேல் அம்மா அறியாத வீணை ஆலாபனை, ஆறு நிமிடத்துக்கொருமுறை இரட்டிப்பு ஓசையில் வெடிக்கும் யூடியூப் விளம்பரம் எல்லாம் ஒரே கூச்சலாக அவருக்குள் இறங்கியிருக்கும். ஸ்பீக்கரைத் துவாயால் மூடியது எரிச்சல் அல்ல, மிகச் சரியான தீர்ப்பு என்றே நான் சொல்வேன். பேச முடியாத ஒருவர் அவ்வளவு தெளிவாகத் தம் கருத்தைச் சொன்னதை நல்ல அடையாளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த அழுகை. நீங்கள் பயந்தது இயல்பு, ஆனால் நீங்கள் அம்மாவுக்குத் தீங்கு செய்யவில்லை. உங்கள் தந்தை இறந்து இரண்டு வருடமாகியும், அவருக்காகத் துக்கப்படுவதற்குத் தேவையான நினைவுத் தொடர்ச்சியை இந்த நோய் அம்மாவிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறது. அவர் ஏதோ இல்லாமல் போய்விட்டது என்று உணர்கிறார், எது என்று அறியாமல் இருக்கிறார். "வீட்டை கூட்டிக்கொண்டு போ" என்பதும் பெரும்பாலும் ஒரு முகவரியைப் பற்றிய பேச்சு அல்ல. தாம் தாமாக இருந்த காலத்துக்குப் போகக் கேட்கிறார். அந்தப் பாட்டு அவருடைய துயரத்துக்குச் சிறிது நேரம் ஒரு முகத்தைக் கொடுத்தது. பாட்டு முடிந்ததும் அழுகை தணிந்து, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டாலோ அன்று கொஞ்சம் பேசினாலோ, அந்தப் பாட்டைக் கைவிட வேண்டாம். ஆனால் பக்கத்தில் இருந்தபடி, கிழமைக்கு ஒரு தடவைக்கு மேல் போகாமல், நீங்கள் தெரிந்தே போடுங்கள். "அப்பாவுக்கு விருப்பமான பாட்டு" என்று மட்டும் சொல்லுங்கள். அப்பா எங்கே என்று அவர் கேட்டால், இறந்த செய்தியை ஒவ்வொரு முறையும் புதிதாக அறிவிக்காதீர்கள். "அப்பாவை நினைவு வருகிறதா, சொல்லுங்கோ அம்மா" என்று கேளுங்கள். மாறாக, அழுகை மணிக்கணக்காக நீடித்து அன்றைய சாப்பாட்டையும் நித்திரையையும் கெடுத்தால், அந்தப் பாட்டைச் சில மாதங்களுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

நடைமுறையைச் சொல்கிறேன். முதலில் அம்மாவின் காதுகளைப் பாருங்கள். காதுக் குறும்பி அடைத்திருந்தால் எந்தப் பாட்டும் முணுமுணுப்பாகவே போய்ச்சேரும். வைத்தியரிடம் காட்டி எடுத்துவிடலாம். காதுக்கருவி போடுபவராக இருந்தால், அது பேச்சுக்கென்று சரிசெய்யப்பட்டது, இசையைச் சிலவேளை கரகரப்பாக்கும். போட்டும் கழற்றியும் முகத்தைப் பார்த்து முடிவெடுங்கள். பத்துப் பன்னிரண்டு பாட்டுகளைத் தேர்ந்து ஒரு பென் டிரைவில் ஏற்றிவிட்டால் விளம்பரத் தொல்லை ஒழியும். தொலைக்காட்சியையும் வீதிப்பக்க யன்னலையும் மூடிவிட்டு, அம்மாவுக்கு எதிரே, முகம் தெரியும்படி அமருங்கள். இருபது நிமிடம், மிஞ்சினால் அரை மணி நேரம் போதும். எந்த நேரம் என்பது முக்கியம். அழுகை ஆறரை மணிக்குத் தொடங்குகிறது என்றால், ஐந்தே முக்காலுக்கே விளக்கைப் போட்டு அறையை வெளிச்சமாக்கிப் பாட்டைத் தொடங்கிவிடுங்கள். அழத் தொடங்கிய பிறகு போடும் பாட்டு அழுகையோடு சேர்ந்துகொள்ளும். குளிக்க மறுக்கிறார் என்றால், குளியலறைக்குப் போகும்போது நீங்களே ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போவது பலருக்கு உதவியிருக்கிறது. உங்கள் குரல் நன்றாக இல்லை என்று சொல்லாதீர்கள். உலகத்தில் எந்தப் பாடகியாலும் செய்ய முடியாத ஒன்றை உங்கள் குரலால் செய்ய முடியும்: அம்மா மெதுவானால் அதுவும் மெதுவாகும், அம்மா நிறுத்தினால் நிற்கும்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. "அடுத்த வரி என்ன அம்மா, இதைப் பாடினது யார்?" என்று பரீட்சை வைக்காதீர்கள். ஆசிரியையாக இருந்த ஒருவருக்கு விடை தெரியாமல் நிற்பது மற்றவர்களைவிட அதிகமாக வலிக்கும். முகத்தைத் திருப்புதல், சேலைத் தலைப்பைத் திருகுதல், எழும்ப எத்தனித்தல் ஆகியவை போதும் என்பதற்கான அடையாளங்கள். பாட்டு, நேரம், அம்மா என்ன செய்தார், அதற்குப்பின் எவ்வளவு சாப்பிட்டார் என்று கொப்பி ஒன்றில் ஒவ்வொரு வரி எழுதி வாருங்கள். ஆறு வாரத்துக்குப் பின் அந்தக் கொப்பி எனக்கோ உங்கள் வைத்தியருக்கோ எந்த ஸ்கேனையும் விட அதிகம் சொல்லும்.

நீங்கள் வீட்டில் செய்யப்போவது இசையைக் கொண்டு பராமரிப்பது. கண்டிப்பான பொருளில் இசைச் சிகிச்சை என்பது அதற்கெனப் பயிற்சி பெற்றவர், நோயாளியின் நிலையை மதிப்பிட்டு, இலக்கு வைத்து நடத்துவது. அப்படிப்பட்டவர்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. ஆகவே யாராவது "இசைச் சிகிச்சை நிபுணர்" என்று பெருந்தொகை கேட்டால், எங்கே பயின்றார், மறதிநோயாளரோடு எவ்வளவு காலம் வேலை செய்தார் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ஆனால் நிபுணர் இல்லையென்று மனம் தளர வேண்டியதில்லை. அவுஸ்திரேலியாவின் முதியோர் இல்லங்களில் நடந்து 2022இல் வெளியான ஓர் ஆய்வில், மறதிநோயோடு மனச்சோர்வும் உள்ளவர்களுக்குச் சிறு குழு இசைச் சிகிச்சையைவிட, எல்லோரும் சேர்ந்து பாடும் சாதாரணப் பாடற்குழுவே மனச்சோர்வைக் குறைப்பதில் தெளிவான பலனைக் காட்டியது. இதைப் படித்தபோது எனக்கு நம் கோயில்களின் வெள்ளிக்கிழமைக் கூட்டுப்பிரார்த்தனைதான் நினைவுக்கு வந்தது. உங்கள் வீட்டிலிருந்து மயூரபதி அம்மன் கோயிலும் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயில்களும் தூரமில்லை. திருவிழா நெரிசலைத் தவிர்த்து, சனம் குறைந்த நாளொன்றில், ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி ஓர் ஓரத்தில் அம்மாவை இருத்திப் பாருங்கள். மருதானையில் உள்ள லங்கா அல்சைமர்ஸ் பவுண்டேசன் மறதிநோயாளருக்குப் பகல்நேரச் செயற்பாடுகளை நடத்துகிறது. அம்மாவைக் கூட்டிச்செல்லும் முன் தமிழில் பேசக்கூடியவர்கள் எந்த நாட்களில் இருப்பார்கள் என்று கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

அண்ணாவுக்கும் ஒரு வேலை கொடுங்கள், தூரத்தில் இருப்பவர்கள் ஸ்பீக்கர் அனுப்புவது ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பினால்தான். வீடியோ அழைப்பில் சேர்ந்து பாடச் சொல்லாதீர்கள். குரல் பிந்தி வருவதால் தாளம் குழம்பி அம்மாவும் குழம்புவார். அதற்குப் பதிலாக, அம்மா அவருக்குச் சிறுவயதில் சொல்லிக்கொடுத்த பாட்டொன்றை அவர் தன் குரலில், இசைக்கருவி எதுவுமின்றி, மெதுவாகப் பாடிப் பதிந்து அனுப்பட்டும். உங்கள் கடிதத்தில் உங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கிழமையில் ஓர் அரைநாளாவது அம்மாவை இன்னொருவர் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். உங்களுக்கே தாங்க முடியாமல் போகும் இரவில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், உங்கள் கடிதத்தின் மூன்றாவது வரியிலிருந்து. பாடசாலையில் தேவாரம் தொடங்கிக் கொடுத்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு இப்போது வேறு யாரோ எல்லாவற்றையும் தொடங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நாளைக் காலை சுவாமிப் படத்துக்கு விளக்கேற்றும்போது அம்மாவைப் பக்கத்தில் நிற்கவோ இருக்கவோ வையுங்கள். ஸ்பீக்கர் வேண்டாம். பாடசாலையில் பாடிய அந்தத் தேவாரத்தின் மெட்டைச் சொல் இல்லாமல் மெதுவாக முனகிவிட்டு, கைகூப்பியபடி கொஞ்ச நேரம் பொறுத்திருங்கள். இருபது வினாடி உங்களுக்கு நீண்டதாகத் தோன்றும். அம்மாவின் மூளைக்கு அவ்வளவு நேரம் வேண்டும். அவர் தொடங்கினால் பிள்ளைகள் பாடியது போலப் பின்னால் பாடுங்கள். தொடங்காவிட்டால் அவர் முகத்தைப் பார்க்காமல், விளக்கைப் பார்த்தபடி நீங்களே முதலடியைத் தொடங்கிவிடுங்கள்; மறுநாளும் முதலில் அவருக்காகக் காத்திருங்கள்.